குதிரை எத்தனை என்று கேட்காதீர்கள்



நமக்கு வரும் கடிதங்களில் மைலேஜ் பற்றிய புலம்பலுக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது ஒரே கேள்விதான்: "டைனோவை நாமே செய்துகொள்ள முடியுமா?" கேட்பவர்களில் பாலிடெக்னிக் மாணவர்கள் உண்டு. சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்குகள் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு பழைய காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் அன்பர்களும் உண்டு. "முடியும்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டால் அடுத்த தபாலிலேயே பத்துக் கேள்விகள் வந்து நிற்கின்றன. ஆகவே, இந்த இதழில் அதற்கென்றே ஒரு நீண்ட கட்டுரையைச் சேர்த்திருக்கிறோம். வரைபடம், அளவு, கணக்கு எல்லாம் அதில் இருக்கின்றன. அதைத் திறக்கும் முன் சில விஷயங்களை உங்களிடம் பேசிவிட வேண்டும் என்று தோன்றியது.

டைனோ என்பது இன்ஜினின் திறனை அளக்கும் கருவி. சங்கதி எளிதுதான். காரின் சக்கரத்தை உருளைமேல் ஏற்றி, காரை நாலு பக்கமும் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டி, ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும். சக்கரம் உருளையைச் சுழற்றும். கார் இருந்த இடத்திலேயே நிற்கும். இந்த யோசனை கார்க்காரர்களுடையது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ரயில்காரர்கள் முந்திக்கொண்டுவிட்டார்கள். 1891இலேயே அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் காஸ் ஒரு முழு நீராவி இன்ஜினை உருளைகள்மேல் நிறுத்தி ஓட்டிப் பார்த்தார். 1904இல் இங்கிலாந்தின் ஸ்விண்டன் பணிமனையில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் இன்ஜின் பிரிவுத் தலைவர் சர்ச்வர்ட் அதேபோல் ஒன்றை அமைத்தார். தண்டவாளத்தில் ஓட்டிப் பார்த்தால் காற்று, சரிவு, வளைவு எல்லாம் கணக்கில் குறுக்கிடும். கொட்டகைக்குள் அந்தத் தொல்லை இல்லை. இன்று நீங்கள் டைனோ கேட்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

திறனை அளக்க, சுழல்கிற உருளைக்கு எதிராக எதையாவது பிடித்து இழுத்து, எவ்வளவு பலமாக இழுக்க வேண்டியிருக்கிறது என்று அளப்பது ஒரு வழி. பிரான்சின் பொறியாளர் தெ புரோனி 1821இல் மரக்கட்டையை வைத்து அழுத்தியே அளந்துவிட்டார். பொறியாளர் வில்லியம் ஃபுரூட் 1877இல் தண்ணீரை அந்த வேலைக்கு வைத்தார். இப்போது மின்காந்த பிரேக் வந்துவிட்டது. ஐரோப்பிய லாரிகளிலிருந்து கழற்றிய ரிடார்டர் என்ற அந்த வகை பிரேக்கை வைத்து டைனோ கட்டியவர்கள் வெளிநாடுகளில் நிறையப் பேர். ஆனால் அதற்கு மின்சாரக் கட்டுப்பாடு, விசையை அளக்கும் லோட் செல், சூடாகிற பிரேக்கைக் குளிர்விக்கும் ஏற்பாடு என்று வேலை நீளும். முதல் முறை கட்டுகிறவர்களுக்கு நாங்கள் சிபாரிசு செய்வது இன்னொரு வழியை. கனமான உருளையும் ஒரு கடிகாரமும் போதும். உருளையை வேகப்படுத்த எவ்வளவு ஆற்றல் போனது, எத்தனை நொடியில் போனது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் திறன் கிடைத்துவிடும். பிளஸ் ஒன் இயற்பியலில் படித்த நிலைமத் திருப்புத்திறன் ஞாபகம் இருக்கிறதா? தேர்வு முடிந்ததும் மறந்துபோன அந்தப் பாடம் இங்கே சோறு போடும்.

உருளையை எதில் செய்வது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கனம் வேண்டும் என்றதும் கெட்டியான இரும்பு ராடைத் தேடிப் போகிறார்கள். 30 செ.மீ. விட்டமுள்ள ராடை 50 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டாக வெட்டி, இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என்று ஒரே ஷாஃப்டில் மாட்டினால் மொத்தம் 555 கிலோ. விலையைக் கேட்டால் தலை சுற்றும். அவ்வளவு இரும்பையும் வாங்கிப் போட்டபின், டயர் உணர்கிற பாரம் 277 கிலோதான். கெட்டி உருளையில் நடுப்பகுதி இரும்பு அதிகம் உழைக்காமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பதிலாக 60 செ.மீ. விட்டம், 25 மி.மீ. தடிமன் உள்ள பைப்பை அதே நீளத்துக்கு எடுத்துப் பாருங்கள். இரும்பின் எடை ஏறத்தாழ 354 கிலோ. டயர் உணர்வது 326 கிலோ. இருநூறு கிலோ இரும்பு மிச்சம், வேலையும் கூடுதல். இன்னொரு லாபமும் உண்டு. கார் 100 கி.மீ. வேகத்தில் ஓடும்போது சின்ன உருளை நிமிடத்துக்கு 1,768 சுற்று சுற்ற வேண்டியிருக்க, பெரியது 884 சுற்றோடு நின்றுவிடும். பேரிங்குக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. டயர் பள்ளம் விழாமல் உட்காரும் என்பதால் சூடும் குறையும். காரை அந்த உயரத்துக்கு ஏற்ற சாய்தளம் கட்ட வேண்டும், அல்லது தரையில் பள்ளம் தோண்ட வேண்டும். அதற்குச் சோம்பல்படாதீர்கள்.

இந்த அளவு எந்தக் காருக்குப் பொருந்தும்? ஒரு மாருதி 800ஐ எடுத்துக்கொள்வோம். 796 சிசி, 37 குதிரைத்திறன். உருளையை 30 கி.மீ. வேகத்திலிருந்து 100க்குக் கொண்டுபோக 114 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். சக்கரத்தில் சராசரியாக 20 கிலோவாட் கிடைத்தால் ஆறு நொடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். வளைவரையை அழகாக வரைய அது போதும். இதே உருளையில் 100 குதிரைத்திறன் உள்ள காரை ஏற்றினால் இரண்டே நொடியில் எல்லாம் முடிந்துவிடும். இன்ஜினின் சுழலும் பாகங்களை வேகப்படுத்தவே திறனில் ஒரு பங்கு போய்விடும். உருளைக்கு வந்து சேர்வது குறைந்து தெரியும். கீழ் கியரில் ஓட்டினாலும் இதே கதைதான். அதனால்தான் அனுபவசாலிகள் கியர் விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்பதற்குப் பக்கத்தில் இருக்கும் கியரில் மட்டும் ஓட்டுவார்கள். உங்களிடம் எந்தக் கார் இருக்கிறதோ, எந்தக் காரை அதிகம் சோதிக்கப்போகிறீர்களோ, உருளையை அதற்கு ஏற்ற மாதிரி கட்டுங்கள். எல்லாக் காருக்கும் ஒரே டைனோ என்ற ஆசை வேண்டாம்.

இனி வருவதை நிதானமாகப் படியுங்கள். உருளையின் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் 100 கிராம் இரும்பு அதிகமாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். 350 கிலோவில் 100 கிராம் யார் கண்ணில் படும்? 100 கி.மீ. வேகத்தில் அந்த 100 கிராம், ஷாஃப்டை 26 கிலோ விசையோடு பக்கவாட்டில் இழுக்கும். 150 கி.மீ. வேகத்தில் 59 கிலோ. அதுவும் நொடிக்கு 22 முறை, சுற்றிலும் எல்லாத் திசையிலும். பைப்பின் தடிமன் சுற்றிலும் ஒரே சீராக இருக்காது. தகட்டை வளைத்துச் செய்த பைப் என்றால் பற்றவைத்த தையல் வேறு இருக்கும். எனவே பைப்பின் இரு முனையிலும் தட்டு வைத்துப் பற்றவைத்து, ஷாஃப்டைச் சேர்த்தபின், முழுசாக லேத்தில் ஏற்றி வெளிப்புறத்தைக் கடைந்தே ஆக வேண்டும். அதற்குப் பிறகு டைனமிக் பேலன்சிங். கோவை போன்ற ஊர்களில் இது பெரிய காரியமில்லை. பம்பும் மில் இயந்திரமும் செய்கிற ஊரில் பேலன்சிங் செய்து தருகிற பட்டறை எங்கோ பக்கத்துத் தெருவிலேயே இருக்கும். மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டிய கரிவரதன் அந்த ஊர்க்காரர் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

பேலன்சிங் கூலியை மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்களிடம் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. சென்சார் மலிவானது வாங்குங்கள், உருளையைத் தாங்கும் சட்டத்துக்குப் பழைய சேனல் இரும்பு போடுங்கள், பெயின்டே அடிக்காமல் விடுங்கள். பேலன்சிங்கில் மட்டும் கை வைக்காதீர்கள். 100 கி.மீ. வேகத்தில் சுற்றும் அந்த உருளைக்குள் சுமார் 125 கிலோஜூல் ஆற்றல் அடைந்து கிடக்கிறது. அந்த 354 கிலோ இரும்பையே 36 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடக்கூடிய ஆற்றல் அது. ஷாஃப்டைத் தாங்கும் பிளம்மர் பிளாக்கின் போல்ட் ஒன்று தளர்ந்தால் உருளை எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. உருளையைச் சுற்றிக் கனமான தகட்டில் மூடி போடாமல் ஒருமுறைகூட ஓட்ட வேண்டாம். உருளைக்கென்று தனியாக ஒரு டிஸ்க் பிரேக்கும் வேண்டும். காயலான் கடையில் கிடைக்கும் கார் டிஸ்க்கும் காலிபரும் போதும். காரின் பிரேக்கை மட்டும் நம்பி உருளையை நிறுத்த நினைத்தால் அதன் பேடுகள் பாவம்.

இன்னும் இரண்டு ஆபத்துகள். முன்சக்கர இழுவைக் கார்கள் உருளைமேல் பக்கவாட்டில் அலையும். ஸ்டீயரிங்கை ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், பெல்ட்டுகளைக் குறுக்காகவும் கட்ட வேண்டும். ஓட்டும்போது காருக்கு நேர் முன்னாலும் நேர் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது, வேடிக்கை பார்க்க வந்த தம்பி உட்பட. அடுத்தது புகை. மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை முழுத் திறனில் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது. தலை வலிக்கிறதே என்று யோசிப்பதற்குள் கால் துவண்டுவிடும். புகையை வெளியே கொண்டுபோகும் குழாய் இல்லாமல் டைனோ கிடையாது.

எலக்ட்ரானிக்ஸ் பற்றி வருகிற கேள்விகள்தான் அதிகம். எனக்கு அதில் பெரிய கவலை இல்லை. உருளையில் ஒரு காந்தம், எதிரே அதை உணரும் ஒரு ஹால் சென்சார், துடிப்புகளை எண்ண ஒரு ஆர்டுயினோ போர்டு. முன்பெல்லாம் சென்சார் வயரைக் கம்ப்யூட்டரின் மைக் துளையில் செருகி, துடிப்புகளை ஒலியாகப் பதிவுசெய்து கணக்குப் போட்டவர்களும் இருந்தார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன். ஒரு காந்தத்துக்குப் பதில் 60 பல் உள்ள சக்கரம் வைத்தால் துல்லியம் கூடும் என்று தோன்றும். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. 100 கி.மீ. வேகத்தில் ஒரு முழுச் சுற்றுக்கு 68 மில்லி நொடி ஆகிறது. மாருதி போன்ற காரில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் வேகம் சுமார் 0.6 சதவீதம் கூடும். சாதாரண ஆர்டுயினோவின் கடிகாரம் நான்கு மைக்ரோ நொடிவரை பிசகலாம். முழுச் சுற்றில் அது ஒன்றுமேயில்லை. பல்லுக்குப் பல் என்று எடுத்தால் இடைவெளி ஒரு மில்லி நொடிக்குச் சுருங்குகிறது. கண்டுபிடிக்க வேண்டிய வேக மாற்றத்தைவிடக் கடிகாரத்தின் பிசகு முப்பது மடங்குக்கும் மேல் பெரிதாகிவிடுகிறது. பல் வெட்டியதில் உள்ள கோணல் தனி. திரையில் ரம்பம் மாதிரி ஒரு கோடு ஓடும். அதைப் பார்த்துப் பயந்து மென்பொருளில் வழவழப்பாக்கினால் கோடு அழகாகும், உண்மையும் சேர்ந்து அழிந்துபோகும். முதல் டைனோவுக்கு ஒரு காந்தம் போதும்.

எல்லாம் கட்டியாயிற்று, கார் ஏற்றியாயிற்று, திரையில் ஓர் எண் வந்துவிட்டது. 31 குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்வோம். "கம்பெனி 37 என்றல்லவா சொன்னது?" என்று உடனே மனம் சோர்ந்துவிடும். கம்பெனி சொல்வது இன்ஜினைத் தனியாக வைத்து அளந்தது. நீங்கள் அளந்தது கியர்பாக்ஸ், ஆக்சில், டயர் எல்லாவற்றையும் தாண்டி உருளைக்கு வந்து சேர்ந்தது. அதோடு காற்று. கடல் மட்டத்தில் இருக்கும் சென்னையைவிட, 410 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோவையில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்து சதவீதம் குறைவு. ஊட்டியில் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அதற்கேற்பச் சோர்ந்துதான் போகும். இதைச் சமன்செய்யத் திருத்தக் கணக்குகள் இருக்கின்றன. அமெரிக்க எஸ்ஏஇ முறை 25 டிகிரி வெப்பத்தை அடிப்படையாக வைக்கிறது. ஜெர்மனியின் பழைய டின் முறை 20 டிகிரியை வைத்தது. குதிரையிலும் இரண்டு ஜாதி உண்டு. பிரிட்டிஷ் குதிரை 746 வாட், மெட்ரிக் குதிரை 735 வாட். டயரில் காற்று குறைந்தாலோ, பெல்ட்டை ஒரு கிளிக் அதிகமாக இறுக்கினாலோகூட எண் மாறும். இத்தனைக்கும் நடுவில் உங்கள் உருளை சொல்லும் 31ஐ அடுத்த ஊர் உருளை சொல்லும் 33உடன் ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் ஒரு பொருளும் இல்லை.

வீட்டில் இருக்கும் எடை மெஷின் டாக்டர் வீட்டு மெஷினைவிட இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டலாம். போன மாதத்துக்கு இந்த மாதம் இளைத்திருக்கிறீர்களா என்பதை அது சரியாகவே சொல்லிவிடும். வீட்டு டைனோவின் வேலையும் அவ்வளவுதான். ஏர் ஃபில்டரை மாற்றுவதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு. இன்ஜெக்டரைச் சுத்தம் செய்வதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு. அதற்கு ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். எதையுமே மாற்றாமல் முதலில் மூன்று முறை ஓட்டுங்கள். மூன்றுக்கும் நடுவில் ஒரு குதிரைத்திறன் ஏற்ற இறக்கம் இருந்தால், அரைக் குதிரை கூடியது என்று யாரிடமும் மார்தட்டாதீர்கள். புதிய பாகத்தை மாட்டி மூன்று முறை ஓட்டுங்கள். பிறகு பலரும் சோம்பல்படுகிற வேலை ஒன்று பாக்கி: பழைய பாகத்தையே திரும்ப மாட்டி மறுபடி ஓட்டுங்கள். எண் பழைய இடத்துக்கு இறங்கி வந்தால்தான் புதிய பாகம் வேலை செய்தது என்று அர்த்தம். இறங்கவில்லையா? இன்ஜின் நன்றாகச் சூடேறியது, சாயங்காலமாகிக் காற்று குளிர்ந்தது என்று வேறு ஏதோ காரணம். சத்தமாக உறுமும் சைலன்சரை மாட்டிவிட்டு "பிக்கப் எகிறுகிறது" என்று சத்தியம் செய்கிறவர்களை இந்தச் சோதனைக்கு அழைத்துவாருங்கள். காது ஏமாறும், உருளை ஏமாறாது.

உருளையும் ஏமாந்த கதை ஒன்று இருக்கிறது என்று சில வாசகர்கள் இப்போதே பேனாவை எடுத்திருப்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்கள் அமெரிக்க ஆய்வகத்து உருளைமேல் ஒழுங்குபிள்ளைகளாக ஓடின. ஸ்டீயரிங் திரும்பாமலே சக்கரம் சுற்றுகிறதே என்பது போன்ற அடையாளங்களை வைத்து, தான் சோதனையில் இருப்பதைக் காரின் மென்பொருள் கண்டுபிடித்து, அப்போது மட்டும் புகையைக் கட்டுக்குள் வைத்தது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு ஒன்று அளவுக் கருவியைக் காரிலேயே ஏற்றிச் சாலையில் ஓட்டியபோதுதான் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப் பல மடங்கு தாண்டுவது தெரிந்தது. அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் அரவிந்த் திருவேங்கடம். 2015 செப்டம்பரில் விஷயம் வெடித்தது. நமக்கு அதில் நேரடியான எச்சரிக்கையும் உண்டு. உருளைமேல் இரண்டு சக்கரம் மட்டும் ஓடுவதைச் சறுக்கல் என்று நினைத்து, இன்றைய கார்கள் பல தாமே திறனைக் குறைத்துவிடும். டிராக்‌ஷன் கன்ட்ரோலை முழுதாக அணைக்க வழி தெரியாத காரை உருளையில் ஏற்றாதீர்கள். முகப்பில் பெரிய விசிறி இல்லாமலும் வேண்டாம். உள்ளே போகிற காற்று சூடானால் இன்ஜினின் கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துத் திறனைக் குறைத்துவிடும். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு இந்தச் சூதெல்லாம் தெரியாது. பழகுவதற்கு அதுதான் உத்தமம்.

டைனோ கட்ட இடமோ பணமோ இல்லாத வாசகர்கள் வருந்த வேண்டாம். லாரி எடை மேடையில் காரை நிறுத்தி எடை பார்த்துவிட்டால், கார்தான் உங்கள் உருளை. பந்தயத் தடத்தில் அதற்கென்று ஒதுக்கும் நாளில், ஒரே கியரில் வேகம் கூடும் நேரத்தை அளந்தால் திறனைக் கணக்கிடலாம். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு கண்ணுக்கே தெரியாது. ஆயிரம் கிலோ காரில் 80 கி.மீ. வேகத்தில் அது மூன்று குதிரையை விழுங்கும். அதனால் ஒரே தடத்தில் போகவும் வரவும் இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள். பொதுச் சாலையில் இதைச் செய்யாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். அளப்பதற்குத் தடையில்லை. அளந்தபின் ஆசை வந்து வண்டியின் அமைப்பையே மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். 2019இல் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகவே சொல்லியிருக்கிறது.

கட்டுரையைப் படியுங்கள், கட்டுங்கள், கட்டியதை எங்களுக்கு எழுதுங்கள். எந்த ஊர், அன்றைய வெப்பம், காற்றழுத்தம், டயரில் எத்தனை பிஎஸ்ஐ, எந்தக் கியர் என்ற ஐந்தையும் குறித்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஓட்டிய வரைபடங்களோடு அனுப்பினால் தேர்ந்தெடுத்து வெளியிடுவோம். ஒற்றை எண்ணை மட்டும் எழுதி அனுப்பும் கடிதங்களை, எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும், வெளியிடுவதாக இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்